முதல் வாரத்திலேயே தீர்மானம்



நம் பிள்ளைகளில் ஒருவருக்கு வேலை கிடைத்துவிட்டால் சபையில் எவ்வளவு சந்தோஷம்! சாட்சி சொல்லுகிறோம், காணிக்கை படைக்கிறோம், ஸ்வீட் கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் வேலைக்காக ஆறு மாதம் உபவாசித்து ஜெபித்த நாம், வேலையில் சேர்ந்த பிறகு எத்தனை நாள் ஜெபித்தோம்? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

புது வேலையோடு சம்பளம் மட்டுமா வருகிறது? வீட்டுக் கடிகாரமே மாறிப்போகிறது. காலை 6 மணி ஷிப்ட் என்றால் அதிகாலை ஜெபம் போகிறது. மதியம் போய் இரவு 10 மணிக்கு முடிகிற ஷிப்ட் என்றால் குடும்ப ஜெபம் போகிறது. இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர் பகலெல்லாம் தூங்குகிறார். பிள்ளைகள் அப்பா முகத்தையே பார்ப்பதில்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வரும் என்று தெரியும் முன்னே தவணையில் பைக் எடுத்தாகிவிட்டது! ஒரே மாதத்தில் இதெல்லாம் பழக்கமாகிவிடும். அதற்குப் பிறகு மாற்றுவது லேசல்ல.

தானியேலைப் பாருங்கள். அவன் விரும்பிப் போன இடமல்ல பாபிலோன்; சிறையாகக் கொண்டுபோகப்பட்டான். புது ஊர், புது பாஷை, பெல்தெஷாத்சார் என்று புது பேர், மூன்று வருஷப் பயிற்சி. பாஷையைக் கற்றுக்கொண்டான். ஆனால் ராஜாவின் போஜனத்தில் ஒரு கோடு போட்டான். எப்போது? ஆரம்பத்திலேயே! அதுவும் சண்டை போடவில்லை; பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று பணிவாகக் கேட்டான் (தானியேல் 1-ஆம் அதிகாரம்).

என் சாட்சியைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது, ஆனாலும் சொல்லுகிறேன். 2003-ஆம் ஆண்டு, எனக்கு 23 வயது. ஒரு குடோனில் சரக்கு நோட்டு எழுதுகிற வேலை கிடைத்தது. அப்பா இல்லை, அம்மாவும் இரண்டு தங்கச்சிகளும் என்னை நம்பி இருந்தார்கள். மூன்றாம் நாள் மேஸ்திரி வந்து, "தம்பி, 48 மூட்டைதான் வந்திருக்கு, 50-னு எழுதிக்கோ. எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க" என்றார். ஆவியானவர் உள்ளே உணர்த்தினார். ஆனாலும் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் எழுதினேன். மறுவாரம் அவர் கேட்கவே இல்லை, நானே எழுதினேன்! ஞாயிற்றுக்கிழமை உயர்த்தித் துதித்த அதே கை திங்கட்கிழமை பொய் எழுதியது. இப்படி எட்டு மாதம்.

ஒரு உபவாச ஜெபத்தில் உடைந்துபோய், மறுநாள் முதலாளியிடம் அறிக்கையிட்டேன். "போலீசுக்குப் போகமாட்டேன், ஆனா நாளையிலிருந்து வராதே" என்றார். நான்கு மாதம் வேலை இல்லை. ரேஷன் அரிசிக் கஞ்சிதான். மூன்றாம் நாளே, "அண்ணே, மன்னிச்சுக்குங்க, எண்ணினதைத்தான் எழுதுவேன்" என்று சொல்லியிருந்தால்? வேலையே போயிருந்தாலும் மூன்று நாள் வேலைதான் போயிருக்கும், சாட்சி போயிருக்காது. ஆனாலும் கர்த்தர் என்னைத் தள்ளிவிடவில்லை. வேறொரு வேலை தந்தார். அதைச் செய்துகொண்டே இன்றைக்கும் ஊழியம் செய்கிறேன். அல்லேலூயா!

ஆகவே புது வேலையில் சேருகிற தேவபிள்ளையே, முதல் வாரத்திலேயே தீர்மானம் எடு. ஷிப்ட் மாறினால் ஜெப நேரத்தை மாற்றி வை, விட்டுவிடாதே. பத்து நிமிடமானாலும் குடும்பமாக முழங்கால்படியிடு. முதல் சம்பளம் வந்ததும் கணவனும் மனைவியும் உட்கார்ந்து, கர்த்தருடைய பங்கு, வாடகை, கடன், அம்மாவுக்கு மருந்து என்று எழுதிவிட்டுப் பிறகு செலவு செய்யுங்கள். அம்மா அப்பாவோடு இருக்கிற தம்பி தங்கைகளும் அவர்களோடு உட்கார்ந்து எழுதலாம். வேலையையும் ஒழுங்காகச் செய். ஆவிக்குரியவன் என்று சொல்லிக்கொண்டு தினமும் லேட்டாகப் போனால் அது சாட்சியா? தானியேலின் எதிரிகள் அவன் வேலையில் குற்றம் தேடினார்கள்; ஒன்றும் கிடைக்கவில்லை. சிங்கக்கெபி வரும் என்று தெரிந்தபோதும் அவன் வழக்கம்போல மூன்று வேளை ஜெபித்தான் (தானியேல் 6-ஆம் அதிகாரம்). வாலிபத்தில் போட்ட கோடு முதிர்வயதிலும் அழியவில்லை.

ஏற்கெனவே சறுக்கிவிட்டாயா? கலங்காதே. இன்றைக்கே கர்த்தரிடம் திரும்பு. திங்கட்கிழமை காலை, கேட்டுக்குள் நுழையும் முன் ஒரு நிமிடம் நின்று ஜெபி: "ஆண்டவரே, இந்த வேலை நீர் தந்தது. என் கைகளைச் சுத்தமாய்க் காத்துக்கொள்ளும்."

கர்த்தர் தாமே உங்கள் கையின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.