யாருக்காக விடிகிறது?

என் வீட்டுக் கடலில் மதியம் 2 மணிக்குத்தான் விடியும். இரவு 10 மணிக்கு இருட்டிவிடும். இது நான் போட்ட சட்டம்.

மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்தேன். இரண்டடி நீளம். முதல் ஐந்து வாரம் விளக்கே போடவில்லை. கல், மணல், உப்புநீர் மட்டும். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்கள் குடியேற வெளிச்சம் தேவையில்லை. அந்த நேரத்தில் விளக்கைப் போட்டால் பாசிதான் முதல் ஆளாக வந்து உட்காரும். பிறகு இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. கடைசியாக ஒரு துண்டு பவளம். கடையில் ‘கிரீன் ஸ்டார்’ என்றார்கள். விரிந்தால் பச்சைப் புல்தரை, சுருங்கினால் ஊதா நிறத்தில் ஒரு பாய்.

அது வந்த அன்று விளக்கின் அட்டவணையைப் போட உட்கார்ந்தேன். கைப்பேசிச் செயலி கேட்ட முதல் கேள்வி: எத்தனை மணிக்கு விடிய வேண்டும்?

பவளம் ஒரு விலங்கு. ஆனால் அதன் உடலுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. ஒளியைக் கொண்டு அவை சமைப்பதில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. ஆகவே விளக்கு நேரம் என்பது அதற்குச் சாப்பாட்டு நேரம். குறைந்தால் பட்டினி. மிஞ்சினால் அதைவிட மோசம். வெளிச்சமோ வெப்பமோ அளவு தாண்டும்போது அந்தப் பாசிகளே நஞ்சாகும் பொருள்களை வெளியிடத் தொடங்கும். பவளம் அவற்றைத் துரத்திவிட்டு வெளுத்துப்போகும். 2010இல் கடல் சூடேறியபோது ரெடாங், தியோமான் தீவுகளில் பவளங்கள் வெளுத்து, சில முக்குளிப்பு இடங்களை மூட வேண்டியதாயிற்று.

அதனால் 30 சதவீத ஒளியில் ஆரம்பித்தேன். நீலம் அதிகம், வெள்ளை குறைவு. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் மெல்ல ஏறும், கடைசி ஒரு மணி நேரம் மெல்ல இறங்கும். வாரத்துக்கு ஐந்து சதவீதம் கூட்டுவது.

இதெல்லாம் கணக்கு. பொறியியல் படித்தவனுக்குக் கணக்கில் பயமில்லை. எந்த எட்டு மணி நேரம் என்பதில்தான் சிக்கல் வந்தது. பினாங்கில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய 7 மணிக்கு வந்து 7 மணிக்குப் போகிறது. நான் காலையில் 7 மணிக்குக் கிளம்பி ராத்திரி எட்டுக்குத் திரும்புகிறவன். வெளியே இருக்கும் சூரியனைப் பின்பற்றினால் நான் வாங்கிய பவளத்தை ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க முடியும். ஆக, 2 முதல் 10 வரை. நான் பார்ப்பதற்காக ஓர் உயிரின் காலையை நகர்த்திவிட்டேன்.

பொத்தானை அழுத்தியபோது அப்பா ஞாபகம் வந்தது.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் அப்பா இருபது வருசத்துக்கு மேல் ஷிப்ட் வேலை பார்த்தார். இரவு வேலை வாரங்களில் காலை எட்டு மணிக்கு வீடு வருவார். அம்மா ஜன்னலில் கறுப்புப் போர்வையைக் கட்டித் தொங்கவிடுவார். பள்ளி விடுமுறையாக இருந்தாலும் தொலைக்காட்சி போடக் கூடாது. “சத்தம் போடாதீங்கடா, அப்பாவுக்கு இப்ப ராத்திரி.” அப்பாவுக்குத் தனியாக ஒரு சூரியன் இருப்பதாகவே சின்ன வயதில் நம்பிக்கொண்டிருந்தேன். படிப்பு முடிந்து நானும் இரண்டு வருடம் ஷிப்டில் இருந்தபோதுதான் அந்தச் சூரியனை யார் நகர்த்துகிறார்கள் என்று தெரிந்தது. அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதைத் தயாரித்தவருக்கு எப்போதும் பகல் வேலைதான்.

இப்போது அந்தத் தாள் என் கையில். நான் செய்வது தவறா?

உடனே ‘ஆமாம்’ என்று சொல்லத் தோன்றினாலும், யோசித்தால் அப்படி இல்லை. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா சரவாக்கின் நேரத்தோடு சேர்த்தார்கள். சூரியன் நகரவில்லை. நாம் இன்று காலை என்று சொல்வதும் யாரோ எடுத்த முடிவுதான். பவளத்துக்குச் சுவர்க் கடிகாரம் தெரியாது. 2 மணிக்குத் தொடங்கும் எட்டு மணி நேரமும் காலையில் தொடங்கும் எட்டு மணி நேரமும் அதற்கு ஒன்றுதான். ஒரே நிபந்தனை, நாளையும் இன்றுபோலவே இருக்க வேண்டும். அப்பாவை அரித்ததும் இரவு மட்டும் அல்ல. உடம்பு பழகும் நேரம் பார்த்து ஷிப்ட் மாறும். அந்த மாற்றம்தான்.

இந்தச் சமாதானத்தோடு நிம்மதியாக இருந்தேன், இரண்டு வாரத்துக்கு முன்பு வரை. அன்று இரவு பதினொன்றரைக்கு நண்பர்கள் வந்தார்கள். “எங்கடா உன் கடல்? ஒன்னுமே தெரியல.” பெருமையாகக் கைப்பேசியை எடுத்தேன். வெள்ளை, நூறு சதவீதம். மூலையில் தூங்கிக்கொண்டிருந்த மீன் துள்ளிக் கண்ணாடியில் மோதியது. பவளம் ஊதாப் பாயாகச் சுருங்கிக் கிடந்தது. ஒருவன் படம் எடுத்தான். அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

“தூங்குறத ஏன்டா எழுப்புற? அதுக்கு இப்ப ராத்திரி.”

அணைத்துவிட்டேன். மறுநாள் 2 மணிக்கு விடிந்தது. ராத்திரி வந்து பார்த்தால் பவளம் வழக்கம்போல் விரிந்திருந்தது. எந்தச் சேதமும் இல்லை. என்னைத் தொந்தரவு செய்தது அதுதான். ஒரு மனிதன் என்றால் முகத்தைச் சுளித்திருப்பான். பவளத்தின் புகார் வாரக்கணக்கில் தாமதமாக வரும், வரும்போது அது வெளுத்திருக்கும். ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்பதை வைத்து என்னை நானே விடுதலை செய்துகொள்ள முடியாது. அப்பாவும் இருபது வருசம் ஒன்றும் சொன்னதில்லை.

பவளத்தின் நேரத்தை நான் தீர்மானிப்பதில் குற்றம் இல்லை என்றே இன்னமும் நினைக்கிறேன். தொட்டி வைத்தபின் யாராவது தீர்மானித்தே ஆக வேண்டும். ஆனால் தீர்மானித்த பிறகு அது என்னையும் கட்டுப்படுத்த வேண்டும். அட்டவணை போடுவது ஒரு வாக்குக் கொடுப்பது. என் மனநிலைக்கும் விருந்தாளிக்கும் ஏற்ப அதை மீறினால் மிஞ்சுவது வெறும் அதிகாரம்.

அப்படியே காப்பாற்றினாலும் ஒரு கடன் பாக்கி இருக்கிறது. சிங்கப்பூர்க் கடலில் ஏப்ரல் முழுநிலவுக்குப் பிந்தைய சில இரவுகளில் பல வகைப் பவளங்கள் ஒன்றாக முட்டையும் விந்துமாகக் கடலில் கலக்கின்றன. லண்டனின் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் சூரிய உதயம், நிலவு, பருவகால வெப்பம் எல்லாவற்றையும் போலிசெய்து தொட்டியிலேயே அதை நிகழ்த்திக் காட்டினார்கள். என் தொட்டியில் நிலவு இல்லை. உயிரோடு இருக்கப் போதுமானதைத்தான் கொடுக்கிறேன். அதைப் பாசம் என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இந்த வாரம் 50 சதவீதம். நேற்று வேலை முடிந்து வர பத்தேகால் ஆகிவிட்டது. தொட்டி இருட்டாக இருந்தது. கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு, நீர் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.