தினமும் அதே வேல்மாறல்... சலிக்காதா?

ஓம் சரவணபவ!

இப்போ நம்மள்ல நிறைய பேர் 48 நாள் வேல்மாறல் பாராயணத்துல இருக்கோம். காலையில விளக்கேத்தி, படிச்சு முடிச்சு, "இன்னைக்கு 17-ஆம் நாள்"னு ஸ்டேட்டஸ் வைக்கிறோம். ரொம்ப நல்ல விஷயம். ஆனா இருபது நாள் தாண்டினதும் ரெண்டு புலம்பல் கேக்க ஆரம்பிக்குது. "வாய் பாட்டுக்குப் படிக்குது, மனசு எங்கயோ சுத்துது. முதல் வாரம் இருந்த சந்தோஷம் இப்போ இல்ல." இது ஒண்ணு. "48 நாள் முடிச்சுட்டேன், நினைச்சது நடக்கல. முருகன் என்னைக் கைவிட்டுட்டாரா?" இது இன்னொண்ணு.

ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் செஞ்சா அன்பு வளருமா, செத்துப்போகுமா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைச்சா மேல இருக்கிற ரெண்டுக்கும் வழி தெரியும்னு எனக்குத் தோணுது.

முதல்ல வேல்மாறலையே பாருங்க. அருணகிரிநாதர் பாடின வேல் வகுப்புல இருக்கிறது 16 அடிகள். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் அந்த 16 அடிகளையே முன்னும் பின்னுமா மாத்தி மாத்தி அடுக்கி 64 அடிகளா ஆக்கினார். அதாவது மொத்த வேல்மாறல்லயும் அவர் புதுசா சேர்த்த வரின்னு ஒண்ணுகூட இல்ல. வரிசை மட்டும்தான் புதுசு. ஒரே அடி திரும்ப வரும்போது பக்கத்துல வேற அடி நிக்குது, அதனால காதுல வேற மாதிரி விழுது.

மனப்பாடமா படிக்கிறவங்களுக்கு இன்னொண்ணும் தெரியும். கவனம் கொஞ்சம் சிதறினா போதும், ஒரு சுத்துல இருந்து இன்னொரு சுத்துக்குத் தாவிடுவோம். எங்க விட்டோம்னே தெரியாது. மனசு இங்க இருந்தாத்தான் வரிசை பிடிபடும். திரும்பச் சொல்றது மனசைத் தூங்க வைக்கும்னு நாம பயப்படறோம். இங்க அதே திரும்பச் சொல்றதை வெச்சுத்தான் மனசைத் தட்டி எழுப்புறார் சுவாமிகள்.

இந்த சுவாமிகள் துறவுக்கு முன்னாடி மைசூர் அரண்மனையில சமையல் வேலை பார்த்தவர். வயித்து நோயால கஷ்டப்பட்டு பழனிக்குப் போனவர், அங்க திருப்புகழ்ல மனசைக் குடுத்துட்டார். சமையல்காரர் வேல்மாறலைத் தொகுத்ததுல ஒரு பொருத்தம் இருக்கறதா எனக்குப் படுது. வீட்டுல தினமும் அதே அரிசி, அதே பருப்பு, அதே புளிதான். அதுக்காக "நேத்துதான் சாப்பிட்டாச்சே"ன்னு யாரும் எழுந்து போறதில்ல. பசி தினமும் புதுசு, சமைக்கிற கையோட அக்கறையும் புதுசு.

சரி, அப்படின்னா திரும்பச் செய்யற எல்லாமே சந்தோஷம் தரணுமே? தராதுங்க. ஆபீஸ்ல தினமும் காலையில அதே ஸ்டாண்டப் மீட்டிங், அதே மூணு கேள்வி. யாருக்கும் அதுல பரவசம் வந்து நான் பார்த்ததில்ல. ஏன்னா எல்லார் மனசும் "எப்போ முடியும்"லதான் இருக்கு. பாராயணத்துக்கும் இதே ஆபத்து உண்டு. 17, 18, 19-னு எண்ணிக்கையையே பார்த்துட்டு இருந்தா கொஞ்ச நாள்ல கும்பிடறது முருகனை இல்ல, ஸ்ட்ரீக்கைத்தான். ஒரு நாள் விட்டுப்போனா "எல்லாம் வீணாப் போச்சு"ன்னு இடிஞ்சு போறோமே, அது அந்த நம்பருக்கான அழுகை.

ரெண்டாவது புலம்பலும் இதே எண்ணிக்கையில இருந்துதான் வருது. 48 நாள் நான் குடுத்தேன், பதிலுக்கு நீ என்ன குடுத்தேன்னு கணக்குக் கேக்கறோம். கேக்கறது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அம்மாவை ஐசியூல சேர்த்துட்டு வெளிய பெஞ்ச்ல உக்காந்து வேல்மாறல் படிக்கிற பிள்ளைகிட்ட "எதையும் எதிர்பார்க்காதே"ன்னு தத்துவம் பேசறது கொடுமை. குழந்தை அப்பாகிட்ட கேக்கத்தான் செய்யும். ஆனா கேக்கறதும் பில் போடறதும் ஒண்ணு இல்ல. கேட்டுட்டு மடியிலயே உக்காந்திருக்கலாம். பில் போட்டவன் கவுண்டர்லதான் நிக்கணும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் வ.த. சுப்பிரமணிய பிள்ளை. கோர்ட்ல வேலை பார்த்தவர், முன்சீப்பா இருந்தவர். சாமியார் இல்ல, நம்மளை மாதிரி சம்பளத்துக்கு வேலைக்குப் போனவர். 1871-ல ஒரு வழக்குல சிதம்பரம் தீட்சிதர்கள் திருப்புகழ் வரியை ஆதாரமாக் காட்ட, அதுல மனசு சிக்கிடுச்சு. அப்போ திருப்புகழ் முழுசா ஒரே இடத்துல கிடையாது. ஊர் ஊரா ஏட்டுச்சுவடியைத் தேடினார். முதல் தொகுதி அச்சாகி வந்தது 1894-ல. நடுவுல 23 வருஷம். ரெண்டாவது தொகுதி 1901-ல. அவர் பிள்ளை தணிகைமணி செங்கல்வராய பிள்ளையும் பத்திரப் பதிவுத் துறையில வேலை பார்த்துட்டேதான் அந்தப் பணியைத் தொடர்ந்து திருப்புகழுக்கு உரை எழுதினார். 23 வருஷத்துல முடியும்னு யாரும் அவருக்குத் தேதி குறிச்சுக் குடுக்கல. முடிவை மட்டும் பார்த்திருந்தா ரெண்டாவது வருஷமே விட்டிருப்பார். இன்னைக்கு நாம போன்ல தேடினதும் வந்து நிக்கிற ஒவ்வொரு திருப்புகழுக்குப் பின்னாடியும் அந்த விடாத உழைப்பு இருக்கு.

அவ்ளோ பெருசா நாம செய்ய வேண்டாம். நம்ம அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் செவ்வாய்க்கிழமை காலையில தெருவைப் பாருங்க. சில வாசல்ல அறுகோணக் கோலம் போட்டு, ஆறு முனையிலயும் ச ர வ ண ப வ எழுதியிருப்பாங்க. சாயந்திரத்துக்குள்ள பைக் டயர் ஏறி அழிஞ்சுடும். அடுத்த வாரம் திரும்பப் போடுவாங்க. இன்னொரு பக்கம் ஏஐகிட்ட கேட்டா பத்து செகண்ட்ல மயில் மேல முருகன் வந்துடறார், அழகாவும் இருக்கார். அந்தப் படம் அழியாது. ஆனா அதைக் கேட்டு வாங்கினதால என் கை எதையும் கத்துக்கல. கோலம் அழிஞ்சாலும் போட்ட கை ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் நேராகுது, மனசும் கூடவே. கலையில கிடைக்கிற சந்தோஷம் முக்கால்வாசி செய்யும்போதே கிடைச்சுடுது. மிச்சம்தான் பார்க்கிறவங்களுக்கு.

திருத்தணி நமக்குப் பக்கம்தான். ஆவடியில ரயில் ஏறினா அரக்கோணம் தாண்டி அதே பாதை. மலைக்குப் படிகள் 365, வருஷத்து நாள் கணக்கு. டிசம்பர் 31-ஆம் தேதி நடக்கிற படித் திருவிழாவுல படிக்கு ஒரு திருப்புகழ் பாடிட்டே ஏறுவாங்க. இதைத் தொடங்கி வெச்சதும் அதே வள்ளிமலை சுவாமிகள்தான். உச்சியில போய் மொத்தமாப் பாடிக்கலாம்னு அவர் சொல்லல. நிக்கிற படியிலயே பாட வெச்சார்.

அதனால நாளைக்குக் காலையில எத்தனாவது நாள்னு பார்க்கறதுக்கு முன்னாடி, 64 அடியில ஒரே ஒரு அடியை எடுத்து அர்த்தம் புரிஞ்சு மெதுவாச் சொல்லிப் பாருங்க. படிக்க நேரமில்லையா, ரயில்ல நின்னுட்டே நோட்டுல ஒரு வேல் வரைங்க. கோணலா வந்தாலும் பரவால்ல, யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஒரு நாள் விட்டுப்போச்சா, மறுநாள் தொடருங்க. முருகன் அட்டெண்டன்ஸ் எடுக்கிறவர் இல்ல.

வேலும் மயிலும் துணை! முருகா சரணம் 🙏