மதில் மட்டும்தான்

தாமஸ் நேகல் 1979-இல் வந்த தன் நூலில் ஒரு லாரி ஓட்டுநரைச் சொல்கிறார். பிரேக்கைச் சரிபார்க்காமல் ஓட்டுகிறவர். குறுக்கே குழந்தை வந்துவிட்டால் சாவுக்குக் காரணமானவர். வராவிட்டால் வெறும் அலட்சியக்காரர். செய்தது ஒன்றுதான், பழி ஏன் வேறு?

அண்ணன் ரெண்டு வருஷமாகப் பிரித்துக் கோர்க்கும் பழைய பத்மினியைப் போன மாசம் ஷெட்டிலிருந்து தள்ளி, வாசல் சரிவில் நிறுத்தினான். ஹேண்ட்பிரேக் கேபிள் தொய்ந்திருப்பது தெரியும். சக்கரத்துக்குக் கல் வைக்கவில்லை. வண்டி தானாக உருண்டு எதிர்வீட்டு மதிலில் இடித்தது. “சுவருதானே தம்பி, பூசிக்கலாம் விடு” என்றார் எதிர்வீட்டு மாமா. பத்து நிமிஷம் முன்னாடிவரை அங்கேதான் பிள்ளைங்க பாண்டி ஆடிட்டிருந்தாங்க.

நல்லெண்ணத்தின் மதிப்பை விளைவு கூட்டாது, குறைக்காது என்பார் காண்ட். அப்படிப் பார்த்தால் அண்ணனும் அந்த ஓட்டுநரும் ஒண்ணு. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா மாமா மன்னித்தது மதிலை மட்டும்தானே? மீதிக்கு அண்ணன் யாரிடம் போய்க் கேட்பான்?