சலவை செய்யப்பட்ட தகுதி

தகுதி என்ற சொல் இன்றைய வழக்கில் விண்ணப்பதாரரிடம் இருக்கும் ஓர் உடைமையைக் குறிக்கிறது. மதிப்பெண், சான்றிதழ், மேடையில் வெளிப்படும் திறன் ஆகியவற்றின் தொகுப்பாக அது எண்ணப்படுகிறது. அதை உடையவருக்கே கல்விக்கூடத்தில் இடம் என்பது பெரும்பாலும் விவாதத்துக்கு அப்பாற்பட்ட நீதியாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் திருக்குறளின் நடுவு நிலைமை அதிகாரம் இதே சொல்லைக் கொண்டுதான் தொடங்குகிறது. அங்கே அது நடுவு நிலைமையையே குறிப்பதாகப் பரிமேலழகர் உரை கொள்கிறது. பகைவர், அயலார், நண்பர் என்ற பகுப்பு எதிலும் சாயாமல் தீர்ப்புச் சொல்பவரிடம் இருக்க வேண்டிய ஒழுக்கமே அந்தத் தகுதி. காலப்போக்கில் அச்சொல் மேசையின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்கு இடம் மாறியிருக்கிறது: தேர்ந்தெடுப்பவரின் கடமையாக இருந்தது, தேர்ந்தெடுக்கப்படுபவரின் சொத்தாகிவிட்டது. இந்த இடமாற்றத்தில் தொலைந்துபோனது என்ன என்பதே கல்விச் சேர்க்கை பற்றிய அறக்கேள்வியின் உட்கரு.

இக்கேள்வியை எழுப்பிப் பார்க்கச் சிங்கப்பூரின் டோபி காட் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் அரிது. அப்பெயருக்குச் சலவைத் தொழிலாளர் துறை என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள், பின்னாளில் ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் எனப்பட்ட ஓடையில் துணி வெளுத்து, அதையடுத்த புல்வெளியில் உலர்த்திய இடம் அது. இன்று மூன்று ரயில் தடங்கள் சந்திக்கும் அந்நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், 2008இல் தொடங்கப்பட்டு 2010இல் இங்கு குடியேறிய கலைப் பள்ளியும், 2000இல் நிறுவப்பட்டு 2005இல் பிராஸ் பசா வளாகத்துக்கு வந்த சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. பிராஸ் பசா சாலையின் கடற்கரைக் கோடியில் 1837 முதல் 1972 வரை ராஃபிள்ஸ் கல்வி நிலையம் இயங்கியது. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக, யார் உள்ளே வரலாம் என்று ஏதோ ஒரு கல்விக்கூடம் தீர்மானித்துக்கொண்டே இருந்த சாலை இது.

சுதந்திரச் சிங்கப்பூர் தேர்வு மதிப்பெண்ணின் மீது வைத்த நம்பிக்கையை எளிதில் எள்ளிவிட முடியாது. இனம், மொழி, குடும்பச் செல்வாக்கு ஆகிய மூன்றையும் பாராமல், எழுதிய தாளை மட்டுமே பார்க்கும் ஒரு முறை, பல இனத்தவர் வாழும் ஒரு சின்னஞ்சிறு நாட்டில், குறிப்பாகச் சிறுபான்மையினருக்கு, பெரும் பாதுகாப்பாக இருந்தது. அந்தப் பாதுகாப்பு இல்லாத நிலை எப்படியிருக்கும் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. இலங்கையில் 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் முறையில், மருத்துவப் படிப்புக்குச் சிங்கள மாணவர் 400க்கு 229 பெற்றால் போதும் என்றும், தமிழ் மாணவர் 250 பெற வேண்டும் என்றும் வகுக்கப்பட்டது. மொழி வேறாயிருந்ததே அந்த 21 மதிப்பெண் வேறுபாட்டின் காரணம். மதிப்பெண்ணைத் தொடாதே என்ற முழக்கத்துக்கு, ஆகவே, வெறும் மேட்டிமை மனம் மட்டும் ஊற்று ஆகாது. அதில் காயம்பட்ட நினைவும் கலந்திருக்கிறது.

ஆயினும் எழுதிய தாளை மட்டும் பார்ப்பது, அத்தாளை எழுதிய கை எங்கே பழகியது என்பதைப் பாராமல் இருப்பதும் ஆகும். பிறப்பாலும் குடும்பத்தாலும், கேட்காமலேயே ஒருவருக்கு முன்கூட்டி வந்து சேரும் உதவிகளின் தொகுதியை இங்கு முன்வசதி என்று குறிக்கலாம். அது பணம் மட்டுமன்று; வீட்டில் பேசப்படும் ஆங்கிலம், அமைதியான ஒரு மேசை, எந்தப் பள்ளிக்கு எந்த மாதம் விண்ணப்பிக்க வேண்டும் என்று அறிந்த பெற்றோர் ஆகிய யாவும் அதில் அடங்கும். சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாட வகுப்புகளுக்குச் செலவிடும் தொகை 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1.8 பில்லியன் வெள்ளியை எட்டியது. ஐந்தாண்டுகளுக்கு முந்தைய கணக்கெடுப்பில் அது 1.4 பில்லியன். இந்தச் செலவின் பெரும்பங்கு யாருடைய பையிலிருந்து போகிறது என்பதை ஊகிக்கப் புள்ளியியல் புலமை வேண்டியதில்லை. லிட்டில் இந்தியாவின் பீட்டி ரோட்டில் இயங்கும் சிண்டா என்ற இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், 1991இல் நிறுவப்பட்ட நாள் முதல் இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் துணைப்பாட வகுப்பு நடத்த முனைந்ததற்கும் இதுவே காரணம்: போட்டி தொடங்கும் கோடு எல்லாருக்கும் ஒன்றாக இல்லை என்பதை, தகுதியை நம்பும் சமூகமே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2015இல் ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தின் முதல்வரே தம் பள்ளி நடுத்தர வர்க்கப் பள்ளியாகிவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். அங்கு யாரும் விதியை மீறவில்லை. விதி நேர்மையாகப் பின்பற்றப்பட்டதன் விளைவே அது.

தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவில் முன்வசதி மறைப்பின்றியே நிற்கிறது. பெற்றோர் அப்பள்ளியின் முன்னாள் மாணவராக இருந்தால் பிள்ளைக்கு முந்திய கட்டத்தில் இடம். எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் பிந்திய கட்டத்தில் எஞ்சிய இடங்களுக்குப் போட்டியிட வேண்டும். அவர்களுக்கென ஒவ்வொரு பள்ளியிலும் ஒதுக்கப்பட்ட இடங்கள் 2014இல் 20 ஆகவும், 2022 முதல் 40 ஆகவும் ஆயின. நடுவு நிலைமை அதிகாரத்திலேயே, ஒருவர் தக்கவரா அல்லரா என்பது அவருடைய எச்சத்தால் அறியப்படும் என்ற கருத்து வருகிறது. எச்சம் என்பதற்குப் பரிமேலழகர் மக்கள் என்று பொருள் கொள்கிறார். தந்தையை அறியப் பிள்ளையைப் பார் என்றது அது. பள்ளிப் பதிவேடோ பிள்ளையை ஏற்கத் தந்தையைப் பார்க்கிறது.

இருந்தாலும் இந்த வெளிப்படையான சலுகையில் ஒரு நேர்மை உண்டு: அது தன்னைத் தகுதி என்று அழைத்துக்கொள்வதில்லை. முன்னாள் மாணவரின் பிள்ளை, தான் சிறந்ததால் இடம் பெற்றதாக எண்ணத் தேவையில்லை. அறத்தின் நோக்கில் இன்னும் சிக்கலானது, முன்வசதி தன் அடையாளம் முழுதும் வெளுக்கப்பட்டுத் திறமையின் வடிவில் வந்து நிற்கும் இடம்.

அதற்கு 2004இல் அறிமுகமான நேரடிப் பள்ளிச் சேர்க்கை நல்ல சான்று. தொடக்கநிலை இறுதித் தேர்வின் முடிவு வருமுன்பே, விளையாட்டு, கலை, தலைமைத்துவம் முதலிய துறைகளில் திறன் காட்டும் பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிகள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பதே அத்திட்டம். அதன் நோக்கம் குறைகூற முடியாதது: பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் எதிர்காலம் நான்கு பாடங்களின் மதிப்பெண்ணில் அடங்கிவிடக் கூடாது என்று அது சொன்னது. 2018 முதல் எல்லா உயர்நிலைப் பள்ளிகளும், பொதுவான பாட ஓட்டத்துக்கான இடங்களில் 20 விழுக்காடு வரை இவ்வழியில் நிரப்பலாம் என்றானது. டோபி காட்டிலுள்ள கலைப் பள்ளிக்கோ இதுவே வாயில். நடனம், இசை, நாடகம், காண்கலை முதலியவற்றில் ஏதேனும் ஒன்றில் பிள்ளையின் ஆற்றலை ஆசிரியர்கள் நேரில் சோதித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

மதிப்பெண்ணின் இறுக்கத்தைத் தளர்த்த வந்த முறை முன்வசதியைக் குறைக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நடப்பது பெரும்பாலும் நேர்மாறானது. கணக்குப் பாடத்தை அரசுப் பள்ளி எல்லாப் பிள்ளைக்கும் கற்பிக்கிறது; வயலினை அவ்வாறு கற்பிப்பதில்லை. ஏழை வீட்டுப் பிள்ளை கணக்கில் பின்தங்கலாம், ஆனால் கணக்கு என்று ஒன்று இருப்பதையாவது அறிந்திருக்கும். தனக்குள் ஒரு வயலின் கலைஞர் இருப்பதை, வயலினைத் தொட்டே பாராத பிள்ளை எப்படி அறியும்? ஐந்து வயதில் பியானோ வகுப்பில் சேர்க்கப்பட்டு, வாரந்தோறும் அழைத்துச் செல்லப்பட்டு, நிலைத் தேர்வுகளை ஒவ்வொன்றாக முடித்து வந்த பிள்ளை சோதனையறைக்குள் நுழையும்போது, அத்தனை ஆண்டுகளின் கட்டண ரசீதும் அதன் விரல்களாகிவிட்டிருக்கிறது. அதைத் திறமை அல்ல என்று யாரும் சொல்ல முடியாது. அந்த இசை மெய்யானது, அந்த உழைப்பும் மெய்யானது. போலியைக் கண்டுபிடித்துவிட்டால் நீதி நிலைநாட்டப்படும் என்ற எளிய தீர்வு இங்கு செல்லாததும் அதனால்தான்.

கலைப் பள்ளி நிற்கும் சாலையின் பெயர் இவ்விடத்தில் ஒரு குறும்பான சான்றாகிறது. அது, தேசிய கீதத்துக்கு இசையமைத்த சுபிர் சைதின் பெயரைத் தாங்கியது. மேற்குச் சுமத்ராவில் பிறந்து, மகன் இசைத்துறைக்குப் போவதை விரும்பாத தந்தையிடம் வளர்ந்து, பெரும்பாலும் தாமாகவே இசையைக் கற்று, 1928இல் சிங்கப்பூருக்கு வந்து பங்சாவான் என்ற மலாய் இசைநாடக வகையை நடத்திய குழு ஒன்றில் சேர்ந்தவர் அவர். பன்னிரண்டு வயது சுபிர் இன்றைய சோதனையறையில் என்ன செய்து காட்டியிருப்பார் என்பது வீண் கற்பனையாகலாம். ஆனால் அவரைப் போன்ற ஒரு பிள்ளையை அடையாளம் காணும் வகையில் அச்சோதனை அமைந்திருக்கிறதா என்று கேட்பது வீணன்று.

இதில் பெற்றோரைக் குற்றவாளியாக்குவது எளிது, ஆனால் பொருந்தாது. தன் பிள்ளைக்கு இயன்றதைச் செய்வது பெற்றோரின் கடமைக்குள் அடங்கும். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அது கிடைக்கவில்லை என்பதற்காகத் தன் பிள்ளைக்குப் பாட்டு கற்பிக்காதே என்று எந்த அறநூலும் கட்டளையிட முடியாது. தாய் தந்தையரின் அறம் பக்கச் சார்புடையது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். பக்கச் சார்பின்மை நிறுவனத்தின் அறம். குடும்பங்கள் சேர்த்துவைத்த வேறுபாட்டை நிறுவனம் கண்மூடி வழிமொழியும்போது, குற்றமற்ற செயல்கள் பல கூடி ஒரு நியாயமற்ற முடிவைத் தருகின்றன. தகுதியாட்சி என்ற பொருள்கொண்ட ஆங்கிலச் சொல்லைப் பரப்பிய மைக்கேல் யங், 1958இல் வெளியிட்ட நூலில் அதை அங்கதமாகவே கையாண்டார் என்பதை அச்சொல்லைப் பெருமையோடு சூடிக்கொண்டவர்கள் பலரும் மறந்துவிட்டார்கள். வென்றவர்கள் தம் வெற்றி முழுவதும் தமக்கே உரியது என்று நம்பத் தொடங்குவதே அவர் கண்ட பேராபத்து.

அப்படியானால் நிறுவனம் என்ன செய்ய வேண்டும்? பழைய சலவைத் துறையின் தொழில்முறையில் ஒரு குறிப்பு உண்டு. ஒவ்வொரு துணியிலும் அழியாத மையால் ஒரு சலவைக்குறி இடுவார்கள். எவ்வளவு வெளுத்தாலும் துணி எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதை அது காட்டும். இன்றைய சேர்க்கை முறை திறமையை வெளுத்து மடித்து வைக்கும்போது குறியையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. எட்டாண்டு தனிப்பயிற்சிக்குப் பின் வந்த ஆட்டமும், வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் புளோக்கின் கீழ்த்தளத்தில் கைப்பேசியைப் பார்த்துப் பழகிய ஆட்டமும் ஒரே அளவுகோலில் வைக்கப்படுகின்றன. எட்டிய உயரத்தோடு, ஏறத் தொடங்கிய இடத்தையும் சேர்த்துப் பார்ப்பது அளவுகோலைத் தாழ்த்துவதாகாது. கலையாசிரியர்களின் நோக்கம் ஆறாண்டுகள் கழித்து யார் சிறந்த கலைஞராவார் என்று கணிப்பதாக இருந்தால், உதவியின்றிக் கடந்த தொலைவு அதற்குக் கூடுதல் சான்றே ஆகும்.

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பு இருக்கிறது. பின்னணியைப் பார்க்கலாம் என்று அனுமதித்த மறுகணமே, அதை யார் பார்ப்பது, எதைப் பின்னணி என்பது என்ற அதிகாரம் சிலர் கைக்குப் போகிறது. இலங்கையின் 21 மதிப்பெண்ணும் பின்னணியைப் பார்த்ததாகவே தன்னை நியாயப்படுத்திக்கொண்டது. அங்கே பார்க்கப்பட்டது தனிப் பிள்ளையின் வசதிக்குறைவு அன்று. அவர் எழுதிய மொழி. இதற்கு மாறாக, தமிழ்நாடு 2020இல் இயற்றிய சட்டம், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்விலும் தேர்ச்சி பெற்ற மாணவருக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காட்டை உள் ஒதுக்கீடாகத் தந்தபோது, எவரும் சரிபார்க்கக்கூடிய ஓர் உண்மையை, அதாவது படித்த பள்ளியை, அளவாகக் கொண்டது. நேர்காணல் செய்பவரின் மனப்பதிவைவிட அத்தகைய பொதுவிதி நம்பத்தக்கது. சிங்கப்பூரின் பல்கலைக்கழகங்கள் மதிப்பெண்ணுக்கு அப்பால் நோக்கி ஒதுக்கும் இடங்களின் வரம்பு 2017இல் 10 விழுக்காட்டிலிருந்து 15 ஆக உயர்ந்தபோது வரவேற்பே மிகுதியாக இருந்தது. ஆனால் நேர்காணலில் தயக்கமின்றிப் பேசும் கலையும் வீட்டிலேயே பயிலப்படுவது என்பதால், விதியில்லாத விரிமனம் முன்வசதிக்கு இன்னொரு கதவைத் திறந்துவிடக்கூடும்.

இன்னொரு வழியும் உண்டு. அது கேட்டவுடன் நகைப்புக்கிடமாகத் தோன்றுவது. குறித்த தரத்தைத் தாண்டிய அனைவரையும் சமமாகக் கொண்டு, அவர்களுக்குள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கலாம். அமெரிக்க மெய்யியலாளர் மைக்கேல் சேன்டல் 2020இல் வெளியான நூலில் பெரும் பல்கலைக்கழகங்களுக்கு இதையே பரிந்துரைத்தார். சிங்கப்பூருக்கு அது புதிதன்று. தொடக்கநிலை ஒன்றில் இடம் போதாத பள்ளிகளில் நெடுங்காலமாகக் குலுக்கல் நடக்கிறது. ஒரு புள்ளி வேறுபாட்டிலும் பிள்ளைகளைப் பிரித்த பழைய மதிப்பீட்டு முறை 2021இல் கைவிடப்பட்டு, 4 முதல் 32 வரையிலான அகன்ற படிநிலைகள் வந்தபின், ஒரே மதிப்பெண் பெற்ற இருவர் ஒரே பள்ளியின் கடைசி இடத்துக்கு நின்றால், குடியுரிமையும் தெரிவு வரிசையும் பார்க்கப்பட்டு, அதன்பின்னும் சமமாக இருந்தால் கணினிக் குலுக்கல் முடிவுசெய்கிறது. பன்னிரண்டு வயதில் 9க்கும் 9க்கும் இடையே வேறுபாடு காண முடியாது என்று கல்வி அமைச்சு ஒப்புக்கொண்டுவிட்டது. ஒரு பியானோவுக்கும் இன்னொரு பியானோவுக்கும் இடையே அதைக் காண முடியும் என்று சோதனையறை இன்னும் நம்புகிறது.

குலுக்கலில் தோற்ற பிள்ளையின் பெற்றோருக்கு வருத்தம் குறையாது. வென்ற வீட்டிலும் இனிப்பு வழங்கத்தான் செய்வார்கள். ஆனால் தோற்ற பிள்ளையிடம் நீ போதவில்லை என்று சொல்லும் உரிமை யாருக்கும் இராது. வென்ற பிள்ளையும் டோபி காட் நிலையத்தில் இறங்கிப் பள்ளிக்கு நடக்கும்போது, தனக்குப் பின்னால் வரிசையில் நின்ற இன்னொருவர் தன்னைப் போலவே வாசிப்பார் என்பதை அறிந்திருக்கும்.