ஆலயத்தைக் காப்பது அவிசுவாசமா?



இந்த மாதச் செய்தியை ஒரு அறிக்கையோடு ஆரம்பிக்கிறேன். அறிக்கை பண்ண வேண்டியவன் நான்தான்.

சில வருஷங்களுக்கு முன் நம்முடைய ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம். ஒரகடம் பக்கம் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் ஒரு சகோதரன் எழுந்து நின்றார். அவருக்குச் சர்க்கரை வியாதி. முந்தின வாரம் உபவாச ஜெபத்தில் அவருக்காகக் கை வைத்து ஜெபித்திருந்தோம். "பாஸ்டர், கர்த்தர் என்னைச் சுகமாக்கிட்டார். மாத்திரையெல்லாம் குப்பையில போட்டுட்டேன்" என்றார். சபை முழுவதும் அல்லேலூயா சொல்லிக் கை தட்டியது. மைக் என் கையில் இருந்தது. எல்லாரையும் விடச் சத்தமாக ஆமென் சொன்னது நான்தான். "டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்களா பிரதர்?" என்று நான் கேட்கவில்லை. மற்றவர்களும் கேட்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, சேப்டி ஷூ கடித்து அவர் காலில் ஒரு புண் வந்தது. சர்க்கரை ஏறிய காலில் உணர்ச்சி மங்கிப் போகும். அதனால் புண் வந்ததே அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்: "பாஸ்டர், என் விசுவாசம் குறைஞ்சு போச்சா?"

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ வாங்கினவன், அந்தக் கேள்விக்கு முன் வாயடைத்து நின்றேன். அப்புறம் முழங்காலில் நின்று, வேதத்தைத் திறந்து தேடினேன். கிடைத்த பதிலை இன்று உங்களுக்கு எழுதுகிறேன்.

தேவாலய உப்பரிகையில் நடந்தது

கர்த்தர் இன்றும் சுகமாக்குகிறார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தச் சபையிலேயே கண்ணாரக் கண்டிருக்கிறேன். ஆனால் கர்த்தர் சுகமாக்குவார் என்பதால் நான் என் சரீரத்தைக் கவனிக்காமல் விடலாமா? உணவில் கட்டுப்பாடு, நடை, தூக்கம், மாத்திரை இதெல்லாம் அவிசுவாசமா? கேள்வி இதுதான்.

மத்தேயு 4-ம் அதிகாரத்தைப் பாருங்கள். பிசாசு நம்முடைய ஆண்டவரைத் தேவாலயத்தின் உச்சியில் நிறுத்தினான். கீழே குதிக்கச் சொன்னான். தூதர்கள் தாங்குவார்கள் என்பதற்கு வசனத்தையும் எடுத்துக் காட்டினான். வசனம் மெய்யானது. வாக்குத்தத்தமும் மெய்யானது. ஆனாலும் இயேசு குதிக்கவில்லை. அப்படிக் குதிப்பது பிதாவைப் பரீட்சை பார்ப்பது என்று சொல்லி மறுத்தார். படிக்கட்டு இருக்கும்போது குதிக்கிறவன் விசுவாசி அல்ல, பிரியமானவர்களே! மாத்திரையைக் குப்பையில் போடச் சொன்ன குரல், அந்த உப்பரிகையில் பேசின குரல்தான். அதை நான் அன்று அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

எசேக்கியா ராஜாவை நினைத்துப் பாருங்கள். மரணப் படுக்கையில் அழுதான். கர்த்தர் ஜெபத்தைக் கேட்டு ஆயுசில் 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார். வாக்கு வந்தாயிற்று. அதற்குப் பிறகும் ஏசாயா என்ன செய்தார்? அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின் மேல் போட வைத்தார் (2 இராஜாக்கள் 20). வாக்கும் கர்த்தருடையது, அத்திப்பழமும் கர்த்தருடையது.

இயேசு குஷ்டரோகியைச் சுகமாக்கின பிறகு, போய் ஆசாரியனுக்குக் காண்பிக்கும்படி அனுப்பினார். சரீரத்தைச் சோதித்துப் பார்த்துச் சுத்தம் என்று சொல்லும் பொறுப்பு அந்த நாளில் ஆசாரியனுக்கு இருந்தது. சுகம் மெய்யானால் சோதனைக்கு ஏன் பயப்பட வேண்டும்?

இன்னொரு பக்கமும் உண்டு. பவுல் துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டு வந்ததாகத் தீமோத்தேயுவுக்கு எழுதினார். அப்போஸ்தலனோடு ஊழியம் செய்தவன் வியாதிப்பட்டான். அவனுடைய விசுவாசத்தைப் பவுல் குறை சொல்லவில்லை. ஆகவே நம்மில் வியாதிப்பட்டவரைப் பார்த்து "உனக்கு விசுவாசம் பத்தலை" என்று சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை.

நம்ம ஊர் வயிறு

நம்முடைய பகுதியை யோசித்துப் பாருங்கள். 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் என்று கம்பெனிகள் வரிசையாக வந்தன. வேலை வந்தது, சம்பளம் வந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! கூடவே நைட் ஷிப்டும், ராத்திரி புரோட்டாவும், மணிக்கொரு டீயும் வந்தது.

ஏரித் தண்ணீரில் நெல்லும், மேட்டு நிலத்தில் கேழ்வரகும் வேர்க்கடலையும் விளைந்த பூமி இது. நம் பாட்டிமார் கேழ்வரகுக் கூழும், முருங்கைக்கீரையும், மோரும் குடித்து வயலில் வேலை செய்தார்கள். இன்றைக்கு நம் பிள்ளைகளுக்கு நூடுல்ஸ் பிடிக்கிறது, கூழ் பிடிக்கவில்லை. கூழ் என்றாலே ஆடி மாதக் கோயில் ஞாபகம் வருகிறது என்று ஒதுக்கி வைத்த விசுவாசிகளும் உண்டு. பிரியமானவர்களே, கேழ்வரகை உண்டாக்கினவர் நம்முடைய தேவன்! 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் வைத்தவரும் அவர்தான்.

நிலைமை எவ்வளவு மோசம் என்றால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் வெளியானபோது, இந்தியாவில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் 10 கோடிக்கும் அதிகம் என்று தெரிந்தது. 2024-ல் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் உணவு வழிகாட்டியை வெளியிட்டபோது, நாட்டின் நோய்ச்சுமையில் 56.4 சதவீதம் தவறான உணவுப் பழக்கத்தோடு சம்பந்தப்பட்டது என்று சொன்னது. பாதிக்கு மேல்! நாம் ஜெபக் குறிப்பில் எழுதிக் கொடுக்கும் வியாதிகளில் எத்தனையோ நம் தட்டிலிருந்தே ஆரம்பிக்கின்றன.

தப்பு யார் மேல்?

இங்கே நான் ஜாக்கிரதையாகப் பேச வேண்டும். "நீ சரியா சாப்பிடல, அதான் வியாதி" என்று சொல்லி முடித்துவிட முடியாது.

2021 டிசம்பரில் நடந்ததை நாம் மறக்கவில்லை. சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலை செய்த பெண் பிள்ளைகள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு கெட்டு, 250-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12 அன்றுதான் மறுபடி திறந்தது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்திற்கு ஏற்றபடி இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே சொன்னது.

அந்தப் பிள்ளைகளிடம் போய், "சரீரம் ஆலயம்மா, பார்த்துச் சாப்பிடு" என்று பிரசங்கித்தால் அது நியாயமா? போட்டதைச் சாப்பிடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருந்ததா? பசியோடு வந்தவனுக்கு ஒன்றும் கொடுக்காமல் வாயால் மட்டும் ஆசீர்வாதம் சொல்லி அனுப்புவதால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு கேட்கிறார். சரீரத்தைக் காப்பது என் கடமை. என் அயலானின் சரீரம் காக்கப்படும்படி பார்ப்பதும் என் கடமை. முதல் கடமையை மட்டும் பேசுகிற சபை பாதிச் சுவிசேஷத்தைத்தான் பேசுகிறது.

எலியா சூரைச்செடியின் கீழ் சாகலாம் என்று படுத்தபோது கர்த்தர் அவனை அதட்டவில்லை. தூங்க விட்டார். தூதனை அனுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி தூங்க விட்டார். மறுபடி சாப்பிட வைத்தார். அதற்குப் பிறகுதான் ஓரேபுக்கு நடக்க வைத்துப் பேசினார். நைட் ஷிப்ட் முடித்து நேரே ஆராதனைக்கு வந்து, பிரசங்கத்தில் தலை சாய்கிற நம் தம்பிமார்களை நான் எத்தனை தரம் மேடையிலிருந்து கடிந்துகொண்டிருக்கிறேன்! அவர்கள் ராத்திரி என்ன சாப்பிட்டார்கள் என்று ஒரு தரம் கூட விசாரிக்கவில்லை. கர்த்தர் என்னை மன்னிப்பாராக.

செய்ய வேண்டியவை

நான் டாக்டர் அல்ல. டாக்டர்களிடம் கேட்டும், படித்தும் அறிந்த சில எளிய காரியங்களைச் சொல்கிறேன்.

1. தட்டில் பாதி காய்கறி, கீரை இருக்கட்டும். பருப்பு, சுண்டல், முட்டை ஏதாவது ஒன்று சேரட்டும். மீதிதான் சோறு. கேழ்வரகு, கம்பு, கைக்குத்தல் அரிசி நல்லது. ஆனால் சிறுதானியம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று இல்லை. அதுவும் சர்க்கரையை ஏற்றும். அளவு முக்கியம்.

2. டீயை எண்ணுங்கள். ஒரு டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம். ஒரு ஷிப்டில் ஐந்து டீ என்றால் 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் மேல் எல்லையே ஏறக்குறைய அவ்வளவுதான்; 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது.

3. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

4. நைட் ஷிப்ட் போகிறவர்கள் கிளம்பும் முன்பே வயிறாரச் சாப்பிடுங்கள். நடு ராத்திரியில் சர்க்கரையைச் சமாளிக்கும் சக்தி சரீரத்துக்குக் குறைவு. அப்போது வறுத்த வேர்க்கடலை, சுண்டல், ஒரு வாழைப்பழம் போதும். வீட்டுக்கு வந்ததும் செல்போனை அணைத்து, ஜன்னலை மூடி, ஏழு மணி நேரம் தூங்குங்கள்.

5. தினம் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் நடங்கள். நடந்துகொண்டே ஜெபிக்கலாம். ஏனோக்கு தேவனோடு நடந்தானே!

6. முப்பது வயதைத் தாண்டினவர்கள் வருஷத்துக்கு ஒரு தரம் சர்க்கரையும் பி.பி.யும் பாருங்கள். மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ டாக்டர்தான் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்க வேண்டாம். சர்க்கரை திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நீங்கள் சாப்பிட்டுவிட்டு வந்து ஜெபியுங்கள். உங்கள் ஜெபத்தைக் கர்த்தர் தள்ளமாட்டார்.

ஒரு எச்சரிப்பு

இதைப் படித்துவிட்டு யாரும் அடுத்தவர் தட்டை எட்டிப் பார்க்க வேண்டாம். ராகி சாப்பிடுகிறவன் பரிசுத்தவான், புரோட்டா சாப்பிடுகிறவன் பாவி என்று பேசினால் நாம் புதிய பரிசேயர்களாகி விடுவோம். தேவனுடைய ராஜ்யம் சாப்பாட்டில் அடங்கியது அல்ல என்று பவுல் ரோமருக்கு எழுதினார். தானியேல் பத்து நாள் மரக்கறியும் தண்ணீரும் சாப்பிட்டு, ராஜாவின் பந்தியில் உட்கார்ந்தவர்களை விடச் செழுமையாகக் காணப்பட்டான். அதற்காக அவன் மேன்மை பாராட்டவில்லை. இந்தச் சரீரம் ஒரு நாள் மண்ணுக்குப் போகும். மகிமையின் சரீரம் வேறே உண்டு. அதுவரை, கிரயத்துக்கு வாங்கப்பட்ட இந்த ஆலயத்துக்கு நாம் உக்கிராணக்காரர்கள். அவ்வளவுதான். சொந்தக்காரர் வரும்போது கணக்குக் கேட்பார்.

சபையாக நாம் எடுத்த தீர்மானங்கள் இரண்டு. முதலாவது, மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்ற சாட்சிக்கு இனி மைக் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தோடு வாருங்கள், இரண்டு மடங்கு சத்தமாக அல்லேலூயா சொல்வோம்! இரண்டாவது, ஞாயிறு காலை ஆராதனைக்கு முன், நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்குக் கேழ்வரகுக் கஞ்சியும் சுண்டலும் கொடுக்கிறோம். சகோதரிகள் முறை வைத்துச் செய்கிறார்கள்.

அந்தக் கஞ்சி அண்டா பக்கத்தில் நம்முடைய அந்தச் சகோதரன் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். விரல்கள் போன காலோடு, மாத்திரையையும் விடாமல் ஜெபத்தையும் விடாமல் இருக்கிறார். கஞ்சி வாங்க வருகிற தம்பிமாரிடம், "சுகர் இருக்கா தம்பி? ஷூவைக் கழட்டு, பாதத்தைப் பார்ப்போம்" என்கிறார். குனிந்து ஒவ்வொரு விரலாகப் பார்க்கிறார். போன மாதம் ஒரு தம்பி காலில் ஒரு சின்னக் கொப்புளத்தை அவர்தான் முதலில் கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அவர் விசுவாசம் குறைந்து போயிற்றா? இல்லை, பிரியமானவர்களே. குறைந்து போனது என்னுடைய விசாரிப்பு. சீஷர்களின் கால்களைத் தொட்டுக் கழுவின ஆண்டவரை அந்த ஸ்டூலின் பக்கத்தில் நான் ஞாயிறுதோறும் பார்க்கிறேன்.

ஜெபிப்போம்: எங்களை உண்டாக்கின பிதாவே, நீர் தந்த சரீரத்தை அசட்டை செய்ததை மன்னியும். வியாதிப்பட்டோரைத் தொட்டுச் சுகமாக்கும். அவர்களைக் குற்றப்படுத்தாமல் தாங்குகிற இருதயத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் பிள்ளைகள் உழைக்கும் இடங்களில் நல்ல ஆகாரமும் நல்ல உறக்கமும் கிடைக்கச் செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் நல்ல பிதாவே, ஆமென்.

மாரநாதா!