தாடையோரத்துக் கோடு

நாடக மேடையில் வேஷதாரியின் முகத்தைக் கண்டு வியப்பவர் அநேகர். கழுத்தைக் கவனிப்பவர் அரியர். பால்யத்தில், எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வந்த நாடகக் குழுவின் கொட்டகைக்குப் பின்னால், ஓலைத் தட்டியின் இடுக்கு வழியே நான் பார்த்துக்கொண்டிருந்த முதியவர், முகத்தை ஒப்பனை செய்ய எடுத்துக்கொண்ட நேரத்துக்குக் குறையாமல், தாடைக்குக் கீழும் காதுமடலிலும் பிடரியிலும் செலவழித்தார்.

அரிதாரம் என்பது ஆதியில் கந்தகமும் பாஷாணமும் கூடிய மஞ்சள் தாதுவின் பெயர்; பின்னாளில் அதுவே மேடைப் பூச்சு அனைத்துக்கும் பெயராகிவிட்டது. முதியவர் துத்தநாக வெள்ளையையும் காவியையும் தேங்காயெண்ணெயில் குழைத்துக்கொண்டார். வறண்ட தோல் வர்ணத்தை உறிஞ்சித் திட்டாக்கும், எண்ணெய் மிகுந்த இடத்தில் அது வழுக்கிக் கோடாக ஓடும் என்பதால், முதலில் முகத்தைக் கழுவித் துடைத்து, மிகச் சிறிதளவு எண்ணெயை எங்கும் ஒரே சீராகத் தடவினார். பிறகு நெற்றியிலும் கன்னங்களிலும் மோவாயிலும் பொட்டுப்பொட்டாக வர்ணத்தை வைத்து, விரல்நுனியால் வெளிநோக்கிப் பரப்பி, ஈரத்துணியால் ஒற்றினார். தேய்த்தால் அடிப்பூச்சும் கூடவே பெயர்ந்துவிடுமல்லவா! 1914இல் ஒப்பனைக் கலைஞர் மாக்ஸ் ஃபாக்டர் திரைப்பட நடிகருக்கென்று மெல்லிய களிம்பை ஆக்கியதும், தடித்த மேடைப் பூச்சு காமிராவின் அண்மையில் வெடிப்பும் வரியுமாகத் தெரிந்த காரணத்தினால்தான். பூச்சு தாடையோரத்தில் நின்றுவிட்டால், முகம் ஒரு நிறமும் கழுத்து வேறு நிறமுமாகி நடுவே ஒரு கோடு விழும்; அதனால்தான் முதியவர் கழுத்திலும் அத்தனை நேரம் செலவழித்தார்.

என் ஜீவியத்தில் அந்தக் கோடு எங்கே விழுகிறதென்பதை வெகுகாலம் நான் அறியவில்லை. அலுவலகத்தில் அந்நியர் பலரிடம் நாள் முழுவதும் பொறுமையோடும் இன்முகத்தோடும் பேசிவிட்டு வந்த ஒரு மாலையில், காபி ஆறியிருந்ததென்ற அற்ப காரணத்துக்காகத் தாயாரின்மேல் எரிந்து விழுந்தேன். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார். அந்த மௌனத்தில்தான் என் வீட்டு வாசற்படி எனக்குத் தாடையோரமாகத் தெரிந்தது.

வெளியாரிடம் காட்டும் மரியாதை வெறும் வேஷம், அதைக் களைவதே சத்தியம் என்று வாதிப்போர் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. அந்நியர் பெற்ற இன்சொல் பொய்யானதன்று. வீட்டாருக்கு அது கிட்டவில்லை என்பதே குற்றம். கழுத்து வேறு நிறமாயிருப்பதைக் கண்டு அந்த முதியவர் முகத்துப் பூச்சை அழித்துவிடவில்லை. விரலில் எஞ்சியிருந்த அதே வர்ணத்தைத்தான் கீழே இறக்கினார்.