மலைக்கா... உப்பளத்துக்கா?



கோடை விடுமுறையில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சம் இருக்கிறது. சென்னையிலிருந்து குடும்பத்தோடு கிளம்பி, திண்டிவனம் வரை வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே பாதை பிரிகிறது. மேற்கே திரும்பினால் சுமார் 30 கி.மீ. தொலைவில் செஞ்சி. கிழக்கே திரும்பினால் ஏறக்குறைய அதே தூரத்தில் மரக்காணம். ஒரு நாள்தான், ஓரிடம்தான். எங்கே போவீர்கள்?

'இதிலென்ன சந்தேகம், செஞ்சிக்குத்தான்!' என்பீர்கள். நியாயமே! யாரோ எடுத்து அடுக்கி வைத்தாற்போல் பாறை மேல் பாறையாக எழும்பி நிற்கும் மலைகள். அவற்றைச் சுற்றி வளைத்த கோட்டை. 2025-ம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்த மராட்டியர் கோட்டைகளில் செஞ்சியும் ஒன்று.

மரக்காணத்தில் அண்ணாந்து பார்க்க எதுவும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை கண்ணாடியைப் பரப்பியதுபோல உப்புப் பாத்திகள். நடுநடுவே வெள்ளைக் குவியல்கள். சற்றுத் தள்ளி, 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி. அவ்வளவுதான்!

'எங்கே தெய்வ சாந்நித்தியம் அதிகம்?' என்று கேட்டு முடிவெடுக்கலாமா? அங்கேதான் ஓர் ஆச்சரியம். செஞ்சியை அடுத்த சிங்கவரத்தில், குன்றைக் குடைந்த கோயிலில் பள்ளி கொண்டிருக்கிறார் அரங்கநாதர். பாற்கடலில் துயில்பவருக்குப் பாறையில் படுக்கை! மரக்காணத்திலோ, சோழர் காலக் கோயிலில் பூமீஸ்வரராக அருள்கிறார் ஈசன். அம்பாளின் திருநாமம் கிரிஜாம்பிகை. கிரிஜா என்றால் மலைமகள். மலையில் பிறந்தவளுக்கு உப்புக் கடலோரம் புகுந்த வீடு! மலை உயர்வு, உவர் நிலம் தாழ்வு என்று தெய்வங்கள் பேதம் பார்க்கவில்லை. தமிழர்களும் பார்க்கவில்லை. தொல்காப்பியம் குறிஞ்சிக்குச் சேயோனையும் நெய்தலுக்கு வருணனையும் தெய்வமாக வைத்தது.

அப்படியானால் எங்கே போனால் என்ன? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், மரக்காணத்தில் ஓர் அம்மாவைச் சந்திக்கும் வரை.

பூமீஸ்வரரைத் தரிசித்துவிட்டுத் திரும்பும் வழியில், சாலையோரம் நின்று கேமராவை உயர்த்தினேன். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். ''அங்கேருந்து எடுக்காதம்மா. பேசணும்னா வா, வரப்பு மேல வந்து நில்லு'' என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நான்தான் கூசிப்போனேன்.

பாறையை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வேடிக்கை பார்க்கலாம், அதற்கு ஒன்றுமில்லை. உப்பளம் அப்படியா? நமக்குக் காட்சியாகத் தெரிவது அவருக்கு வேலைநேரம். மண்ணை மிதித்து இறுக்கிப் பாத்தி கட்டி, உவர்நீர் பாய்ச்சி, வெயிலில் வற்றவிட்டு, படிந்த உப்பைப் பலகையால் வாரிக் குவிக்க வேண்டும். பாதமெல்லாம் உப்பு நீர். தலைக்கு மேல் சூரியன். 'ஒரு மழை பெய்யாதா!' என்று கோடையில் நாம் வேண்டிக்கொள்கிறோம். 'இன்னும் பத்து நாள் வெயில் காயட்டும்' என்று அங்கே ஒருத்தி வேண்டிக்கொள்கிறாள். மழை இறங்கினால் விளைந்த உப்பும் கரையும், அவள் கூலியும் கரையும்.

'வாரம் முழுக்க அடுப்படியில் வேகிறேன். ஓய்வு நாளிலும் இன்னொருத்தி வெயிலில் வேகிறதையா பார்க்க வேண்டும்?' என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாக மலைக்குப் போங்கள், அதில் தவறே இல்லை. ஆனால், ஒன்றை யோசித்துப் பாருங்கள். பூமாதேவிக்காக உப்பையே துறந்தார் உப்பிலியப்பன். இன்றும் அந்தப் பெருமாளுக்கு உப்பில்லாத நைவேத்தியம்தான். நம்மால் ஒருவேளை ரசத்தை உப்பில்லாமல் சாப்பிட முடியுமா? உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னார்கள் பெரியவர்கள். பரிமாறியவரை நினைக்கிறோம். அந்த உப்பை விளைவித்தவரை..?

செஞ்சி மலை நமக்குத் தருவது பிரமிப்பு. மரக்காணத்துக்கு நாம் பட்டிருப்பது கடன். ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், கடன் பட்ட இடத்துக்கு முதலில் போவதுதான் முறை என்று எனக்குத் தோன்றுகிறது. வேடிக்கை பார்க்க அல்ல, கோயிலுக்குப் போவதுபோல! அதிகாலையில் போங்கள். கேட்காமல் பாத்தியில் கால் வைக்காதீர்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வரப்பில் நின்று, 'சாப்பிட்டீங்களாம்மா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கிடைத்தால் ஒரு படி கல்லுப்பு வாங்குங்கள், பேரம் பேசாமல். பிறகு பூமீஸ்வரர் சந்நிதியில் உங்கள் குடும்பத்துக்காக வேண்டும்போது, அந்த அம்மாவின் வெயிலுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, மகாலட்சுமியை நினைத்து உப்பு ஜாடியை நிரப்புவீர்கள் அல்லவா? அப்போது அவர் முகமும் உங்கள் நினைவுக்கு வரும்.

மலை எங்கே போய்விடப் போகிறது? அடுத்த விடுமுறைக்கு அரங்கநாதரைத் தரிசிக்கலாம்!